காலை உணவு மேசையில் ஓர் அம்மா: மட்டக்களப்பில் அச்சிட்டுப் பிறேம் போட்ட அனுபவம்

சென்ற ஐப்பசியில் மட்டக்களப்பு நகரிலுள்ள ஓர் அச்சகத்திலும், அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு பிறேம் கடையிலும் நான் செய்வித்த வேலையைப் பற்றியது இந்த மதிப்புரை. பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி டி துலூஸ்-லோத்ரெக் தம் தாயைக் காலை உணவு மேசையில் வைத்து வரைந்த எண்ணெய் வண்ண ஓவியத்தின் கன்வஸ் பிரதி ஒன்றை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டுவதற்காகச் செய்வித்தேன். கடைகளின் பெயர்களை நான் எழுதவில்லை. தொடக்கத்தில் நேர்ந்த தவறுகள் இந்த இரு கடைகளுக்கு மட்டும் உரியவை அல்ல; நம் ஊரில் படம் பெருப்பித்துச் சட்டம் போடும் தொழில் முழுவதிலும் ஊறிப்போன ஒரு பழக்கத்திலிருந்து வந்தவை. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஓவியத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் நிகழ்வது மிகச் சிறிது. வெளிர்நிற உடை அணிந்த ஒரு பெண் மேசைக்குப் பின்னால் நம் பக்கம் திரும்பி அமர்ந்திருக்கிறார். ஆனால் நம்மைப் பார்க்கவில்லை, இமைகள் தாழ்ந்திருக்கின்றன. அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோப்பை. பின்னால் வீட்டின் அறை வெளிச்சத்தில் கரைந்து தெளிவிழந்து நிற்கிறது. அவர் 'கவுண்ட்' பட்டம் பெற்ற ஒரு பிரபுவின் மனைவி என்பதை அறிவிப்பதற்கு ஓவியர் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. விருந்தினர் வராத, யாருக்காகவும் ஆயத்தமாகாத ஒரு காலை நேரத்தில், ஏதோ ஒன்றை மனத்துக்குள் நினைத்துக்கொண்டு கோப்பையின் முன் இருக்கும் அம்மாவை, அந்த வீட்டுப் பிள்ளை எப்படிப் பார்ப்பானோ அப்படி வரைந்திருக்கிறார்.

1881க்கும் 1883க்கும் இடையில் வரையப்பட்ட இந்த ஓவியம் 93.5 சென்ரிமீற்றர் உயரமும் 81 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. தென் பிரான்சின் அல்பி நகரிலுள்ள துலூஸ்-லோத்ரெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1864 நவம்பரில் அதே அல்பியில் பிறந்த ஓவியருக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. 1841இல் பிறந்த தாய் அடேலுக்கு நாற்பதை ஒட்டிய வயது. பெற்றோர் இருவரும் மிக நெருங்கிய இரத்த உறவினர். மகனின் எலும்புகள் பிறப்பிலேயே பலவீனமானவை. 1878இல் ஒரு தொடை எலும்பும் அடுத்த ஆண்டில் மற்றதும் முறிந்தன. கால்கள் அதன்பின் வளரவே இல்லை. குதிரையேற்றமும் வேட்டையும் உயிர்மூச்சாக இருந்த தந்தை அல்போன்ஸ் பெரும்பாலும் விலகியே வாழ்ந்தவர். படுக்கையில் கிடந்த மகனுக்குத் துணையாக இருந்தவர் தாய்தான். நாளெல்லாம் கட்டிலருகே அமர்ந்திருந்த ஒருவருடைய முகத்தை, அவர் அறியாமலே, மாதக்கணக்காகப் பார்த்துக் கிடந்த பையனுக்கு மட்டுமே இந்த இமைகளை இவ்வளவு அமைதியாக வரைய முடிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பின்னாளில் பரிஸ் நகரின் இரவு விடுதிகளையும் நடனக்காரிகளையும் வரைந்து, 1891இல் மூலன் ரூஜ் என்ற விடுதிக்கான சுவரொட்டியால் பெயர் பெற்ற லோத்ரெக்கைத்தான் பலருக்கும் தெரியும். குடியாலும் நோயாலும் உடைந்து, 1901 செப்ரெம்பர் 9ஆம் திகதி தம் 36ஆவது வயதில் அவர் இறந்தது, தாய் 1883இல் வாங்கிய மல்ரோமே மாளிகையில், தாயின் அருகில். மகனின் ஓவியங்கள் சிதறிப்போகாமல் அல்பி நகருக்குச் சேர்ந்ததும், பழைய ஆயர் மாளிகையில் 1922இல் அந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும், நண்பர் மொரிஸ் ஜுவயனோடு சேர்ந்து அடேல் எடுத்த முயற்சியால்தான். 1930 வரை வாழ்ந்து மகனின் கைவேலையைக் காத்தவர், மேசைக்கு முன் தலைகுனிந்திருக்கும் இதே பெண் என்பதை அறிந்த பின்பு அந்தக் கோப்பையை என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை.

அச்சு வேலைக்கு இந்த ஓவியம் ஏன் கடினமானது என்பதை விளங்கிக்கொள்ள, இதன் வெள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். 1874 முதல் பரிஸில் கண்காட்சி நடத்திய மனப்பதிவுவாத (இம்பிரஷனிஸ்ற்) ஓவியர்களின் குழுவில் லோத்ரெக் சேர்ந்து காட்சிக்கு வைத்தவர் அல்லர். ஆனால் நிழலைக் கறுப்பாகக் காணாமல் நிறமாகக் காணும் கண்ணை அவர்களிடமிருந்துதான் பெற்றார். நானும் சித்திரம் கற்பிப்பவள். இதைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்கு வகுப்பறையில் படங்களைக் காட்டுவதைவிட, முற்றத்தில் காயும் ஒரு வெள்ளைச் சாறியைக் காலை ஏழு மணிக்குப் பார்க்கச் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கிறது. வெயில் படும் இடத்தில் இளமஞ்சள், மடிப்புகளுக்குள் நீலம், நிழல் தடித்த இடத்தில் கத்தரிப்பூ நிறம் என்று எல்லாமும் தெரியும். 'வெள்ளை' என்று நாம் வாயால் சொல்லும் நிறம் அந்தச் சாறியில் எங்குமே தனியாக இருக்காது. அடேல் அம்மாவின் உடையும் கோப்பையும் அறையின் வெளிச்சமும் அப்படித்தான். அந்த நீலமும் கத்தரிப்பூ நிறமும் போய்விட்டால் படத்தில் காலை நேரம் போய்விடும். முகமும் மேசையும் மட்டும் மிஞ்சும்.

ஓவியர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் உரிமைச் சிக்கல் இல்லாத, தெளிவு கூடிய கணினிப் படக்கோப்பு ஒன்றை எடுத்துப் பென்டிரைவில் அச்சகத்துக்குக் கொண்டு போனேன். பதாகைகளும் கலியாண அட்டைகளும் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களும்தான் அங்கு அன்றாட வேலை. கணினியின் முன்னிருந்த தம்பி படத்தைத் திறந்ததும், என் முன்னாலேயே, ஒரு நொடியில் அதை 'கிளியர்' செய்துவிட்டார். மங்கலாக இருக்கும் பழைய போட்டோக்களுக்குச் செய்யும் அதே திருத்தம் அது: வெள்ளையைத் தாளின் வெள்ளைக்கு உயர்த்தி, நிழலைக் கறுப்புக்குத் தாழ்த்திவிடுவது. திரையில் அது பளிச்சென்று அழகாகவே தெரிந்ததால் நானும் தடுக்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. மூன்றாம் நாள் கையில் கிடைத்த அச்சில் உடை சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெளுத்திருந்தது, பின்னணி அறை சாம்பலாகியிருந்தது, முகம் மட்டும் கூர்மையாக முன்னால் வந்து நின்றது. படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பதை அறிய எனக்குச் சில நிமிடங்கள் பிடித்தன. ஏனென்றால் அது எனக்கு நன்கு பழக்கமான ஒரு படமாக மாறியிருந்தது. நம் வீடுகளின் விறாந்தைச் சுவர்களில், மாலையோடும் சிறிய மின்குமிழோடும் தொங்கும் அம்மாமாரின் படமாக அது மாறியிருந்தது.

நம் பகுதியில் அம்மாவின் முகத்தைப் பெருப்பிக்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவரை இழந்த பின்புதான் கொடுக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பின்னர் நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் வீட்டோடு அல்பங்களையும் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள், கையில் மிஞ்சிய அடையாள அட்டையின் சிறு முகத்தையோ, யாரோ உறவினரின் கலியாணப் படத்தில் ஓரத்தில் நின்ற முகத்தையோ கொண்டுவந்து பெருப்பித்துத் தரும்படி கேட்டார்கள். என் பெரியம்மாவின் படமும் அப்படி ஓர் அடையாள அட்டையிலிருந்து பிறந்ததுதான். அவர் உடுத்திராத ஒரு சாறியை உடுத்து, அவர் பார்த்திராத ஒரு நீல வானத்தின் முன் அவர் இன்றைக்கும் எங்கள் சுவரில் இருக்கிறார். மங்கிப்போன முகத்தைத் தெளிவாக்கவும், பின்னணியை அகற்றவும், தோலை வெளுப்பாக்கவும் நம் அச்சகத் தம்பிமார் கற்றுக்கொண்டது அந்தக் கண்ணீருக்கு நடுவில்தான். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் முகமே எல்லாம், சுற்றியிருப்பது எல்லாம் இடைஞ்சல் என்று பழகிய கை, மேசையையும் கோப்பையையும் அறையையும் வெளிச்சத்தையும் கொண்டு அம்மாவைச் சொல்லும் ஓர் ஓவியத்தின்மேல் அதே வழியில் இயங்கும்போது, உயிரோடு கோப்பையின் முன் அமர்ந்திருந்த ஒரு பெண்ணை அது நினைவுப் படமாக்கிவிடுகிறது.

அளவிலும் இதே சிக்கல் எழுந்தது. கடையில் வழக்கமான அளவு 20க்கு 24 அங்குலம். ஓவியத்தின் விகிதத்துக்கு 20 அங்குல அகலம் என்றால் உயரம் 23 அங்குலத்தைச் சற்றே தாண்டும். 24 அங்குலத்தையும் நிரப்ப வேண்டுமென்றால் பக்கங்களில் முக்கால் அங்குலமளவு வெட்ட வேண்டும். வெட்டினால் முகம் இன்னும் பெரிதாக வரும் என்று எனக்கு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது. முகம் பெரிதாக வரத் தேவையில்லை, அந்த அறைக்குள் அவர் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறாரோ அவ்வளவே வேண்டும் என்று விளக்கி, 20க்கு 23 என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: கன்வசில் அங்குலத்துக்கு 150 புள்ளிகள் போதும் என்று கொண்டால் 20 அங்குலத்துக்கு 3000 பிக்சல் அகலம் வேண்டும். அதற்குக் குறைந்தால் தூரிகைத் தடங்கள் கரைந்து மெழுகுபோல ஆகிவிடும். தடங்களைப் பார்க்க முடியாத பிரதியை வாங்குவதில் பொருளில்லை.

இனி, அச்சகத்தின் நல்ல பக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளுத்துப்போன முதல் அச்சைக் கொண்டுபோய்க் குறையைச் சொன்னபோது முதலாளி முகம் சுளிக்கவில்லை. படக்கோப்பில் எதையும் திருத்தாமல் அப்படியே வைத்து, நான்கு அங்குல அகலத்தில் ஒரு சிறு துண்டு மட்டும் முதலில் அச்சிட்டுத் தரும்படி கேட்டேன். கோப்பையும் உடையின் ஒரு பகுதியும் அதில் வரும்படி நானே இடத்தைத் தெரிவு செய்தேன். அந்தத் துண்டைக் கடைக்குள் ரியூப் வெளிச்சத்தில் பார்த்தபோது பச்சை ஏறியதாகத் தெரிந்தது. வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது கத்தரிப்பூ நிறம் மெல்லியதாக இருந்தாலும் இருந்தது. திரையில் தெரியும் அந்த ஊதாச் சாயலை அச்சு மையால் முழுவதும் எட்ட முடியாது, நீலப் பக்கமாகவோ சாம்பல் பக்கமாகவோ சாய்ந்துவிடும் என்று தம்பி பொறுமையாக விளக்கி, மூன்று துண்டுகள் அச்சிட்டு, மூன்றாவதில் நிறத்தைப் பிடித்துவிட்டார். மேலே பளபளப்பான லமினேற் வேண்டாம், மங்கலானது போதும் என்றதற்கும் உடன்பட்டார். இரண்டாவது முழு அச்சுக்கு அவர்கள் பாதிக் கட்டணமே எடுத்தார்கள். வெள்ளைக்குள் இத்தனை நிறங்கள் இருப்பதைத் தானும் முதன்முறையாகக் கவனித்ததாகத் தம்பி சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

பிறேம் கடை வேறு உலகம். முருகனும் மாமாங்கேஸ்வரரும் திருக்குடும்பமும் பட்டமளிப்புப் படங்களும் ஒரு பக்கச் சுவரை நிறைத்திருக்க, மறுபக்கத்தில் மறைந்தவர்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். கடைக்காரர் எழுபதை நெருங்கும் ஒருவர், கன்வசை விரித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆர் டீச்சர் இந்த அம்மா, எப்ப மோசம் போனவ?" என்று கேட்டார். இறந்து தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகிறது, ஆனால் இது அவர் இருந்த காலத்தில் மகன் வரைந்தது என்றேன். அப்படியென்றால் மலர்வும் உதிர்வும் எழுதத் தேவையில்லையா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பின்னர் அகலமான தங்க நிறச் சட்டம் ஒன்றை எடுத்து வைத்தார். அதைவிட ஒடுங்கிய, சாயம் ஏற்றாத தேக்குச் சட்டத்தை நான் காட்டியபோது, அம்மாவின் படத்துக்கு இது போதுமா என்ற வருத்தம் அவருடைய முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்த்தோம். தங்க நிறம் அருகில் வந்தவுடன் உடையின் நீலம் மங்கியது, தேக்கு வந்தவுடன் மீண்டது. அதற்குப்பின் அவர் எதுவும் சொல்லாமல் தேக்கை அளக்கத் தொடங்கினார்.

அவருடைய கைவேலைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். நான்கு மூலைகளும் ஒரு நூல் இடைவெளியும் இல்லாமல் பொருந்தியிருக்கின்றன. கன்வசை உள்கட்டையில் இழுத்து அடித்தபோது மேசையின் விளிம்புக் கோடு சற்றும் கோணவில்லை. கண்ணாடி போட வேண்டுமா என்பதில்தான் நீண்ட பேச்சு. வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழும் நமக்குக் கார்த்திகையிலிருந்து தை வரை ஈரம் சுவருக்குள்ளிருந்தே வரும். கண்ணாடியோடு ஒட்டி வைத்த படங்கள் அதிலேயே பிடித்துக்கொண்டு, பிரிக்கும்போது மையோடு உரிந்துவருவதைப் பார்த்திருக்கிறோம். உள்ளே பூஞ்சணம் பூத்தால் துடைக்கவும் வழியில்லை. கன்வசுக்குக் கண்ணாடி தேவையில்லை என்பதோடு, யன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் இந்த ஓவியத்தில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே கண்ணாடியின்றி விட்டு, பின்பக்கத்தில் ஹார்ட்போட்டை முழுவதும் மூடாமல் மேலும் கீழும் காற்றுக்கு இடம் விட்டு அடித்தார். சுவரோடு ஒட்டாதிருக்க நான்கு மூலைகளிலும் றப்பர்த் துண்டுகள் வைத்தது அவருடைய சொந்த யோசனை. மாட்டும் கொக்கி மட்டும் சாதாரண இரும்பு. உப்புக் காற்றில் அது துருப்பிடிக்கும் என்று நான் அப்போதே சொல்லிப் பித்தளையில் கேட்டிருக்க வேண்டும்.

செலவு, சோதனைத் துண்டுகளும் இரண்டாவது அச்சின் பாதிக் கட்டணமும் சேர்த்து அச்சுக்கு 6,500 ரூபாய், பிறேமுக்கு 7,000 ரூபாய். நான்கு நாளில் தருவதாகச் சொன்ன பிறேம், மழையில் மரம் காயவில்லை என்று பதினொரு நாளானது. அதைக் குறையாக எழுதமாட்டேன், ஈர மரத்தில் அடித்திருந்தால் மூலைகள் இந்நேரம் வாய் பிளந்திருக்கும். அச்சகத்தில் ஐந்துக்கு மூன்றரையும் பிறேம் கடையில் ஐந்துக்கு நாலரையும் கொடுப்பேன். அங்கு போகிறவர்கள் திருத்தம் எதுவும் செய்யவேண்டாம் என்பதை வாயால் சொல்வதோடு நில்லாமல் பற்றுச்சீட்டிலும் எழுதுவித்து, சோதனைத் துண்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்பே முழு அச்சுக்குச் சம்மதிக்க வேண்டும்.

படம் இப்போது சாப்பாட்டு அறையில், கிழக்கு யன்னலுக்கு எதிரில் அல்லாமல் அதன் பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது. நேர்வெயில் பட்டால் மையின் சிவப்பும் ஊதாவும்தான் முதலில் போகும். காலை ஏழு மணிக்கு அறைக்குள் வரும் வெளிச்சமும் படத்துக்குள் இருக்கும் வெளிச்சமும் ஏறத்தாழ ஒரே பக்கத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும் அரை மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் எண்பத்திரண்டு வயதான என் அம்மா அதன் கீழே தன் கதிரையில் வந்து இருப்பார். படத்தைப் பற்றி நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. முதல் வாரம் முழுவதும் அவர் அதை ஏறிட்டுப் பார்த்ததாகவே தெரியவில்லை, எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "இந்த மனிசி ஏன் தேத்தண்ணிய ஆறவச்சுக்கொண்டு இருக்கிறா?" என்று கேட்டார். படத்திலிருக்கும் அந்தப் பெண்ணின் மகனுடைய கால்களைப் பற்றிச் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியென்றால் அவ குடிக்கமாட்டா என்றார்.

மழைக்காலம் முடிந்த பின்பு படத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். கட்டையில் பூஞ்சணம் இல்லை, கன்வஸ் தொய்யவில்லை. எதிர்பார்த்தபடியே கொக்கி துருப்பிடித்துச் சுவரில் ஒரு செம்மண் நிறக் கறையை விட்டிருந்தது. பித்தளைக் கொக்கிக்காகப் பிறேம் கடைக்குப் போனபோது, அம்மா கோப்பையோடு இருப்பதைக் கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படத்தையும் கூடவே கொண்டுபோனேன். அம்மா அதில் கமராவைப் பார்க்கவில்லை, தலையும் வாரியிருக்கவில்லை. கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தங்கச் சட்டங்கள் இருந்த பக்கம் திரும்பாமல், உள்ளே போய்த் தேக்குத் துண்டுகளை எடுத்து வந்தார்.